தோள்வரை நீண்ட போர்

வாழ்க அவள்! கட்டட வரைபட அலுவலகத்தின் மூன்றாம் மேசைக்கு முடிசூடிய ஒரே அரசி, ஆறு அங்குல எஃகு அளவுகோலைச் செங்கோலாக ஏந்தியவள், அடுத்தவர் வீட்டுச் சுவர் அரை மில்லிமீட்டர் விலகினாலும் அன்றிரவு உறங்காத அறத்தாள், அதனாலேயே உடன் பணிபுரிவோரால் முன்னால் ‘ஸ்கேலம்மா’ என்றும் பின்னால் வேறு சில பெயர்களாலும் போற்றப்பட்டவள், அகவை முப்பத்தொன்பது நிறைந்தும் மூன்று மாடி ஏறி மூச்சு வாங்காதவள், வாழ்க! மண்ணாண்ட மன்னர்கள் நாடு பிடிக்கப் போர் செய்தார்கள், போன நாட்டை மீட்கவும் போர் செய்தார்கள். அவர்களுக்குப் படை இருந்தது, குதிரை இருந்தது, தோற்றால் ஓடி ஒளியக் காடும் இருந்தது. நம் தலைவியோ தன் தலையை மீட்கத் தன் தலையின் மேலேயே போர் தொடுத்தவள். அந்தக் களத்தை விட்டு ஓட வழியில்லை. எங்கே ஓடினாலும் கூடவே வரும்.

அவளுடைய பழைய கூந்தலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் சொல்பவருக்கு மூச்சுத் திணறும். கார்முகில் ஒன்று வேலை மெனக்கெட்டுக் கீழிறங்கி வந்து முதுகில் குடியேறியது போன்ற கூந்தல்; அலுவலக நாற்காலியின் சக்கரத்தில் சிக்கி இருமுறை நாற்காலியையே நிறுத்திய கூந்தல்; குளியலறை வடிகாலை மாதம் தவறாமல் முற்றுகையிட்டு, குழாய்க்காரரைக் கையெடுத்துக் கும்பிட வைத்த கூந்தல்; பேருந்தில் பின்னிருக்கைக்காரர் மடிவரை நீண்டு, மன்னிப்புக் கேட்கும் வேலையை அவளுக்கு நாள்தோறும் தந்த கூந்தல்.

அதற்கு நிகராக எதிர்நிற்க வல்லது அந்தக் குடும்பத்தில் ஒன்றே ஒன்றுதான். அது அவள் கணவனின் தமக்கையுடைய பின்னல். அந்தத் தமக்கையோ, எண்ணூறு பிள்ளைகளை ஒற்றைப் புருவ அசைவில் ஊமையாக்கும் பள்ளித் தலைமையாசிரியை. நாத்தனார் என்ற சொல்லுக்கு ஓர் அகராதி படம் போட நினைத்தால் தேடிப் போக வேண்டிய முகம். பதினாறு ஆண்டுகளாக இரு பின்னல்களும் ஒரு கூரையின் கீழ்ச் சந்தித்தபோதெல்லாம் முகத்தில் சிரிப்பும் முதுகில் போருமாகவே சந்தித்தன. இதை முன்னுக்குப் போட்டால் அது முன்னுக்கு வரும். அதை அவிழ்த்து உதறினால் இது அவிழ்ந்து உதறும். இடையில் நின்ற ஆண்கள் கண்ணில் மயிரிழை பட்டுக் கண்ணீர் விட்டார்கள்.

ஒரு மதிய விருந்தில் அந்தப் பனிப்போர் உடைந்தது. தலைமையாசிரியையின் மகளுக்குத் திருமணம் நிச்சயமாகி, பெண்ணின் படிப்பு முடியட்டும் என்று பதினொரு மாதம் கழித்து நாள் குறித்திருந்தார்கள். அந்த மகிழ்ச்சியில், பாவம், எதிரில் உட்கார்ந்திருந்த உறவுக்காரி ஒருத்தி நம் தலைவியைப் பார்த்து, “எவ்ளோ முடி!” என்று வியந்துவிட்டாள். தண்ணீர்க் குவளையோடு அந்தப் பக்கம் வந்த நாத்தனார் நடையைக்கூட நிறுத்தவில்லை.

“ஆமா. அவகிட்ட எடுத்துச் சொல்றதுக்கு முடிய விட்டா வேற என்ன இருக்கு?”

கூடம் சிரித்தது. கணவன், லிஃப்ட் பழுதுபார்ப்பதில் தேர்ந்தவன், பேச்சைப் பார்த்துப் பார்த்துச் செலவிடுபவன், சிரிக்கவில்லை; ஆனால் அவசரமாகத் தண்ணீர் குடித்தான். பதினாறு ஆண்டு இல்லறத்தில் அவள் மன்னிக்காத குற்றப் பட்டியலில் அந்த ஒரு மடக்குத் தண்ணீர் முதலிடம் பெற்றது.

மறுநாள் மாலை, கொதிக்கும் நெஞ்சும் கொதிக்காத முகமுமாக, அவள் தெருமுனை அழகு நிலையத்தின் சுழல்நாற்காலியில் ஏறி அமர்ந்தாள். அந்நிலையத்தை ஆள்பவளுக்கு ஊரார் இட்ட பெயர் ‘அரை இன்ச்சு’. யார் எதற்குப் போனாலும், “நுனி மட்டும் ஒரு அரை இன்ச்சு எடுத்துடறேன்” என்று தொடங்குவதே அவளுடைய வழக்கம். அப்பேர்ப்பட்ட அரை இன்ச்சே அன்று கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள்.

“நெசமாத்தான் சொல்றீங்களா? அப்பறம் என்மேல வருத்தப்படக் கூடாது.”

“வெட்டுங்க,” என்று முழங்கினாள் தலைவி. “காது தெரியணும். முடி இல்லாம நான் யாருன்னு எல்லாரும் பாக்கட்டும்!”

கத்தரி எழுந்தது. ஆண்டாண்டாய் வளர்ந்த காடு அரைமணி நேரத்தில் தரையில் கிடந்தது. அதைக் கூட்டிப் பெருக்கியபோது துடைப்பம் இருமுறை மடங்கியது. தலைவி நிமிர்ந்த கழுத்தோடு, காற்று முதன்முறையாகத் தீண்டிய பிடரியோடு, வெற்றிநடை போட்டு வீடு வந்தாள்.

வெற்றி விடியும்வரை நின்றது. காலையில் சட்டை மாட்டியதும், கழுத்துக்குள் சிக்கிய கூந்தலை வெளியே எடுத்துவிட வலக்கை தானாகப் பிடரிக்குப் போயிற்று. போன கைக்கு அங்கே ஒன்றும் அகப்படவில்லை. அந்தக் கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. செய்ததைக் கை சொல்லித்தான் மனம் அறிந்தது. அவள் கட்டிலோரம் அமர்ந்து அழுதாள். கணவன் வந்து எட்டிப் பார்த்தான், நெடுநேரம் யோசித்தான், ஆறுதல் சொல்வதென்று முடிவு செய்தான்.

“ஷாம்பூ மிச்சம்,” என்றான்.

அலுவலகத்தில் தலைமை எஞ்சினியர் அவளைப் பின்னாலிருந்து பார்த்து, “ஏம்ப்பா, அந்த பைப்பு வேல என்னாச்சு?” என்று அதட்டினார். அவள் திரும்பியதும், சொன்ன சொல்லைத் திரும்பப் பெற முடியாத மனிதர்கள் எல்லாரும் செய்வதைப்போல் செல்பேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நடந்தார். வந்த ஞாயிற்றுக்கிழமை உறவினர் மீண்டும் கூடினர். நாத்தனார் அவளை உச்சி முதல் பிடரி வரை பார்த்தாள். அங்கேயே பார்வை முடிந்துபோனதால் மறுபடி உச்சிக்கு வந்தாள்.

“ஐயையோ! இருந்ததே அது ஒண்ணு. அதையும் வெட்டிட்டியா?”

அப்போது எழுந்தாள் நம் தலைவி. மலை எழுந்தது போல் எழுந்தாள் என்று சொல்லலாம். ஆனால் மலைகள் எழும்போது மடியிலிருந்த தட்டு கீழே விழுவதில்லை. விழுந்த தட்டு சுழன்று ஓயும்வரை காத்திருந்து அவள் முழங்கினாள்:

“கேட்டுக்கங்க அண்ணி! எல்லாரும் கேட்டுக்கங்க! உங்க பொண்ணு கல்யாணத்தன்னிக்கு என் பின்னல் இடுப்பத் தொடும். அதுவரைக்கும் இந்தத் தலைய ஒரு கத்தரி தொடாது!”

கூடம் நடுங்கியது. கணவன் தண்ணீரைத் தேடினான்.

வீடு திரும்பும் பேருந்தில்தான் அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். மயிர் வளர்வது மாதத்துக்கு ஒன்றே கால் சென்டிமீட்டர். மாதங்கள் பதினொன்று. எப்படிப் பெருக்கினாலும் பதினாலுக்குக் கொஞ்சம் குறைவாகவே வந்தது. பிடரியிலிருந்து இடுப்புக்கோ ஐம்பத்தைந்து சென்டிமீட்டர். உலகில் சபதம் செய்பவர்கள் பெரும்பாலும் கணக்கில் பலவீனமானவர்கள். அதனால்தான் அவர்களால் நிம்மதியாகச் சபதம் செய்ய முடிகிறது. நம் தலைவிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கணக்கு தெரிந்தே களம் புகுந்தாள்.

புகுந்தாள் என்றால் தனியாகவா? துணைப்படைகள் கேளாமலே வந்து சேர்ந்தன. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரி ஓர் எண்ணெய் சொன்னாள். கீழ்வீட்டுக்காரி அந்த எண்ணெய் ஆகாது என்று வேறோர் எண்ணெய் கொடுத்தாள். மருந்துக்கடைக்காரர் மாத்திரையை நீட்டி, “இது வேர்லேர்ந்து வேல செய்யும்” என்றார், அவர் தலை விளக்கொளியில் மின்னியது. வழுக்கையர் சொல்லும் முடி மருந்தையும் நம்பும் இடத்துக்கு அவள் வந்திருந்தாள். இரத்தம் தலைக்கு ஏறட்டுமென்று காலையில் பத்து நிமிடம் சுவரில் கால்களை உயர்த்திக் கிடந்தாள். படுக்கையறைச் சுவரில் எண்ணெய் படிந்த இரண்டு பாதங்கள், யாரோ மோட்டுவளையை நோக்கிப் புறப்பட்டுப் பாதியில் மனம் மாறியதைப்போல் நிலைத்துவிட்டன. ஆறாவது வாரத்தில் கணவன் வாய் திறந்தான்.

“தலகாணி வழுக்குது.”

ஒவ்வொரு ஞாயிறும் எஃகு அளவுகோலைப் பிடரியில் நிறுத்தி அவள் அளந்தாள். மூன்றாம் மாதம் காதோர மயிர் இருபுறமும் வெளிநோக்கி வளைந்து, முட்ட வரும் மாட்டின் கொம்பென நின்றது. நான்காம் மாதம் முன்னும் பின்னும் பக்கமும் ஒருங்கே பருத்து, மழைக்காலக் காளானின் உருவெடுத்தது. ஐந்தாம் மாதமோ கொடுமையிற் கொடுமை. கட்டலாம் என்றால் நீளம் போதாது. விடலாம் என்றால் கண்ணை மறைக்கும். இருபத்தேழு ஹேர்பின்கள் கொண்ட காலாட்படையை நாள்தோறும் காலையில் நிறுத்துவாள். மதியத்துக்குள் பாதிப்பேர் களத்தை விட்டு ஓடிவிடுவார்கள். ஓடியவர்களில் ஒருவன் அச்சு எந்திரத்துக்குள் புகுந்து, ஒரு நாள் முழுதும் வரைபடம் எதுவும் வெளிவராமல் செய்தான்.

அந்த ஐந்தாம் மாதத்தில்தான் எஞ்சினியர் ஒரு வரைபடத்தை அவள் மேசைமேல் விரித்துப் போட்டார்.

“ரெண்டாம் மாடியில ஒரு கதவு போட்டிருக்கீங்கம்மா. நல்ல கதவு. அதத் திறந்தா அந்தப் பக்கம் என்ன இருக்கு?”

“பால்கனி சார்.”

“எங்க?”

அவள் குனிந்து பார்த்தாள். பால்கனி இல்லை. அரைவட்டமாய் வளைந்த அழகிய பால்கனிக் கோடென்று இரண்டு நாளாக அவள் திரையில் கண்டு மகிழ்ந்தது, இடக்கண்ணின் முன் தொங்கிய அவளுடைய சொந்த மயிர்க்கற்றை. அந்தக் கதவைத் திறக்கும் குடும்பம் நேரே ஆகாயத்துக்குள் காலை வைக்கும். அரை மில்லிமீட்டருக்கு உறங்காத அறத்தாள் ஒரு பால்கனியையே தொலைத்திருந்தாள்.

“ஒண்ணு முடிய வெட்டுங்க, இல்ல கட்டுங்க,” என்றார் எஞ்சினியர். “ரெண்டும் முடியலன்னா லீவு போட்டு வளத்துட்டு வாங்க.”

சபதத்தின் பிற்பாதி அன்று மாலை முறிந்தது. தோற்ற வேந்தன் பகைவன் வாயிலில் திறையோடு நிற்பதைப்போல் அவள் அழகு நிலையத்தின் வாசலில் போய் நின்றாள். கண்ணை மறைக்கும் முன்கற்றையை மட்டும் தொட வேண்டும், வேறெதையும் தொடக் கூடாது என்று மூன்று முறை ஓதினாள். அரை இன்ச்சு அவள் பிடரியை விரலால் கோதி, இழவு வீட்டில் பேசும் குரலில் சொன்னாள்:

“நுனியெல்லாம் செத்துப் போச்சுங்க. செத்தத வெட்டினாத்தான் உசுரோட இருக்கறது வளரும். ஒரு அரை இன்ச்சு.”

வளர வேண்டுமென்றால் வெட்ட வேண்டும் என்னும் தத்துவத்துக்கு எதிராக வாதாடி வென்றவர் எவருமில்லை, அதிலும் கழுத்தில் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்ட பிறகு. வீட்டுக்கு வந்து அளந்தாள். அரை அங்குலம் என்பது பன்னிரண்டே முக்கால் மில்லிமீட்டருக்கு இம்மி குறைவு. போயிருந்தது முப்பது. இரண்டரை மாத வளர்ச்சியை, எண்ணெய் எண்ணெயாய்ப் பெய்து பெற்ற செல்வத்தை, ஒருத்தி பேசிக்கொண்டே நறுக்கித் தள்ளியிருந்தாள். அளவுகோல் கையிலிருந்து நழுவிற்று. அன்று அவள் சோறு உண்ணவில்லை. கணவன் அவள் பங்கையும் சேர்த்து உண்டு துக்கத்தில் பங்கேற்றான்.

இவ்வாறு வெல்வதும் வீழ்வதுமாகப் பத்தாம் மாதம் வந்தது. பிடரி மயிர் சட்டைக் காலரைத் தாண்டி, ரப்பர் வளையத்துக்குள் நுழையுமளவு வளர்ந்திருந்தது. கட்டினால் சுண்டுவிரல் பருமனில் ஒரு குச்சி, அணில் கொடுத்த இரவல் வால்போல் துடித்தது. இடுப்பு எங்கோ தொலைவில், கப்பலிலிருந்து தெரியாத கரையாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை மதியம் கணவன் வேலைக்குப் போயிருந்தான். கதவு தட்டப்பட்டது. திறந்தால் நாத்தனார். முன்னறிவிப்பின்றி அவள் அந்த வீட்டுக்கு வந்ததே இல்லை. உள்ளே வந்தாள், கதவைத் தானே சாத்தினாள், நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு இரு கைகளையும் தலைக்குப் பின்னே கொண்டுபோய் ஒரு கிளிப்பை எடுத்தாள்.

பின்னல் கையோடு வந்தது.

சவுரி! பதினாறு ஆண்டுப் பகைவனின் கொடி, புகழ்பெற்ற கரும்பாம்பு, மேசைமேல் சுருண்டு கிடந்தது. தலையில் எஞ்சியிருந்தது எலிவால் அளவு. உச்சியில் உள்ளங்கையகலத்துக்குத் தோல் தெரிந்தது.

ஆகா! நம் தலைவியின் நெஞ்சில் ஆயிரம் முரசங்கள் அதிர்ந்தன; சங்கை வாயில் வைத்தாயிற்று, ஊதுவதொன்றே பாக்கி. ‘முடிய விட்டா வேற என்ன இருக்கு?’ என்று கேட்ட வாய் இதோ எதிரில் இருக்கிறது. கேட்க வேண்டிய கேள்வி இதோ நாவில் இருக்கிறது. பெண்ணாய்ப் பிறந்து நாத்தனாரோடு வாழ்ந்த எவருக்கும் இப்படியொரு சனிக்கிழமை வாய்த்ததில்லை.

“எப்பலேர்ந்து அண்ணி?” என்றுதான் கேட்க முடிந்தது.

“போன வருஷத்துலேர்ந்து. தைராய்டாம். கொத்துக் கொத்தா வருது. சீப்பப் பாத்தாலே பயமா இருக்கு.” நாத்தனார் சவுரியைப் பார்த்தபடியே பேசினாள். “நாள் குறிச்சு விருந்து வெச்சோமே, அன்னிக்குக் காலைலகூட ஒரு கை நிறைய வந்துச்சு. அதோடதான் வந்து எல்லாருக்கும் தண்ணி ஊத்தினேன்.”

தலைவி சங்கைக் கீழே வைத்தாள். கொஞ்சம் வருத்தத்தோடுதான் வைத்தாள் என்பதை மறைப்பது அறமாகாது.

“கல்யாணத்தன்னிக்கு இது எல்லார் முன்னாடியும் கழண்டு விழுந்துடுமோன்னு தூக்கமே வர்றதில்ல,” என்றாள் நாத்தனார். “உனக்கு வெட்டினாளே ஒருத்தி, அவ எங்க இருக்கா? ஒன் தம்பிகிட்ட… அவன்கிட்ட சொல்லாத.”

பதற்றத்தில் தன் தம்பி யார், அவள் கணவன் யார் என்பதே அவளுக்குக் குழம்பிவிட்டிருந்தது. இருவரும் செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டார்கள்.

அன்று அழகு நிலையம் கண்டது ஓர் அரும்பெருங் காட்சி. கத்தரி ஏந்திய அரை இன்ச்சு ஒருபுறம். அளவுகோல் ஏந்திய ஸ்கேலம்மா மறுபுறம். “நாலு சென்டிமீட்டர் மிச்சம் இருக்கணும். நான் சொல்ற எடத்துல நிறுத்தணும். ஒரு மில்லி தாண்டினா இந்தத் தெருவுல உங்களுக்குக் கடை இருக்காது” என்ற பெருமுழக்கத்தில் சுழல்நாற்காலிகள் தாமே சுழன்றன. ஒவ்வொரு நறுக்குக்கும் அளவுகோல் இறங்கியது. கடைசியில் துணியை உதறிக் கண்ணாடியைத் திருப்பினார்கள். உச்சி மறைந்து, நெற்றி விரிந்து, கழுத்து நீண்டு, பத்து வயது குறைந்த ஒருத்தி கண்ணாடியில் இருந்தாள். நாத்தனாருக்கு அது பொருந்தித் தொலைத்தது. தனக்கு ஒரு நாளும் பொருந்தாதது அவளுக்கு இப்படிப் பொருந்தியதைத் தலைவி இரண்டு முறை சுற்றிவந்து பார்த்தாள். மூன்றாம் முறை சுற்ற மனம் வரவில்லை.

“அழகா இருக்கீங்க அண்ணி,” என்றாள். சொல்வதற்குச் சற்று நேரம் பிடித்தது.

திருமண நாள். மண்டபம் நிறைந்த கூட்டம். தலைவியின் கூந்தல் தோளைத் தொட்டும் தொடாமலும், தொடுவதா வேண்டாமா என்ற யோசனையில் நுனி வெளிப்பக்கம் மடங்கியும் நின்றது. அந்தக் குடும்பத்தின் நாவெனத் திகழ்பவள், எவர் வீட்டு மூடிய பெட்டியையும் பேச்சாலேயே திறப்பவள், கணவனின் பெரியம்மா, அவளைக் கண்டதும், “எங்கடி உன் இடுப்புவரைக்கும் பின்னல்? வழியில ட்ராஃபிக்கா?” என்று தொடங்கினாள். அப்போதுதான் அவள் கண் நாத்தனாரின் தலைமேல் விழுந்தது. குரல் தாழ்ந்தது, தாழ்ந்த குரல்தான் நெடுந்தூரம் போகும். மாப்பிள்ளை வீட்டார் நான்கு பேர் திரும்பினர்.

“ஏண்டி, என்னடி இது? பொண்ணப் பெத்தவ, கல்யாணத்துல இப்படியொரு தலையோடயா நிப்ப? ஒடம்புக்கு ஏதாச்சுமா? மறைக்காத, சொல்லு.”

எண்ணூறு பிள்ளைகளை ஊமையாக்கும் தலைமையாசிரியை தானே ஊமையானாள். மேளமில்லை, முரசில்லை, பாயசச் சட்டியைத் துழாவும் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. நம் தலைவி ஓரடி முன்வந்தாள். பதினொரு மாதப் போரில் அவள் எடுத்து வைத்த அடிகளிலெல்லாம் நீளமானது அதுதான்.

“நான்தான் வெட்டிக்கச் சொன்னேன் பெரியம்மா!” என்று மண்டபம் கேட்க அறிவித்தாள். “எனக்கு வளரல. அப்பறம் அண்ணிக்கு மட்டும் எதுக்குன்னு தோணிச்சு. நான்தான் தொந்தரவு பண்ணி வெட்ட வெச்சேன்.”

“அடிப்பாவி!” என்றாள் பெரியம்மா, வாழ்நாளின் மிகச் சிறந்த செய்தி கையில் கிடைத்த களிப்போடு. “உனக்கு இல்லன்னா அவளுக்கும் இருக்கக் கூடாதா? இப்படியும் ஒரு பொறாமையா?” என்று கேட்டபடியே அடுத்த வரிசைக்கு அதைச் சுமந்து சென்றாள். கால்மணி நேரத்தில் பந்தி முழுதும் அதை உண்டது.

நாத்தனார் என்ன செய்தாள்? நன்றி சொன்னாளா? கண் கலங்கினாளா? “ஆமா,” என்றாள் மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்து, குரல் மீண்டவளாய். “கையப் புடிச்சு இழுத்துட்டே போயிட்டா. இவ பேச்சக் கேட்டா இப்படித்தான் ஆகும்.” பின்பு, யாரும் பார்க்காத நொடியில், தலைவியின் கண்ணை மறைத்த கற்றையை எடுத்துக் காதோரம் செருகினாள், பள்ளிப் பிள்ளையின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்யும் அதே எரிச்சலோடு, அழுத்தமாக, இரண்டு முறை.

அதன்பின் படம்பிடிப்பவர் குடும்பத்தை மேடைக்கு அழைத்தார். நெருக்கடியின் நடுவே, “இங்க வா, என் பக்கத்துல நில்லு” என்ற ஆணை பிறந்தது. தலைவி போய் நின்றாள். பொறாமைக்காரி என்று பெயர் வாங்கிய தலை நிமிர, பதினொரு மாதம் எண்ணெயும் கண்ணீரும் வார்த்து, ஹேர்பின் படையை இழந்து, ஒரு பால்கனியைப் பலி கொடுத்து, கத்தரியின் வஞ்சனையைக் கடந்து அவள் ஈட்டிய அந்தத் தோள்வரைக் கூந்தல் மின்விசிறியின் காற்றில் வென்ற நாட்டின் கொடியெனப் பறக்க, வெண்குடை விளக்குகள் இருபுறமும் ஒளி சொரிய, நாத்தனாரின் தோள் தன் தோளில் இடிக்க, காலமே ஒரு கணம் மூச்சடக்கி நிற்க, அவள் கேமராவை நோக்கி வாழ்நாளில் சிரித்திராத சிரிப்பொன்றைச் சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் சித்தப்பா முன்னால் வந்து நின்றுவிட்டதால், போட்டோவில் அவள் விழவே இல்லை.